உணராதவர் யார்? பிணைப்புப் பாணியும் பெரியவர்களின் உணர்ச்சிகளும்

காதல் முறிவு, கணவன் மனைவி சண்டை, பதில் வராத வாட்ஸ்அப் செய்தி என்று எதைப் பற்றிய ரீல்ஸைத் திறந்தாலும் இப்போது 'அட்டாச்மென்ட் ஸ்டைல்', அதாவது பிணைப்புப் பாணி, வந்துவிடுகிறது. 'அவன் அவாய்டன்ட், அவனுக்கு ஃபீலிங்ஸே கிடையாது', 'அவள் ஆங்ஷியஸ், எல்லாத்துக்கும் ஓவரா ரியாக்ட் பண்ணுவா' என்று இரண்டே வரியில் ஆளை எடைபோட்டு முடித்துவிடுகிறார்கள். அவாய்டன்ட் என்றால் விலகல் பாணி, ஆங்ஷியஸ் என்றால் பதற்றப் பாணி. முதல் வரி தவறு. இரண்டாவது வரி பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரியாமல் அதைச் சண்டையில் எடுத்து வீசினால் முழுப் பொய்யைவிட அதிகமாகக் காயப்படுத்தும்.

பிணைப்புப் பாணியை வைத்து ஒருவர் எவ்வளவு உணர்கிறார் என்று அளக்க முடியாது. ஓர் உணர்ச்சி எழுந்ததும் அதை அவர் என்ன செய்யப் பழகியிருக்கிறார் என்பதைத்தான் அது காட்டுகிறது. இந்த வேறுபாடு பிடிபட வேண்டுமானால் குழந்தைப் பருவ ஆய்வுகளிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆபத்து வந்தால் யாரைத் தேடுகிறோம்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, வீடிழந்த குழந்தைகளின் மனநலம் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்காக பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி ஓர் அறிக்கை தயாரித்தார். அது 1951ல் வெளிவந்தது. அதில் தொடங்கிய சிந்தனையை 1969, 1973, 1980 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று தொகுதிகளில் முழுக் கொள்கையாக விரித்தார். குழந்தை தாயை ஒட்டிக்கொள்வது பாலுக்காகத்தான் என்று நம்பப்பட்ட காலம் அது. பௌல்பி அதை மறுத்தார். தனித்து உயிர்வாழ முடியாத மனிதக் குழந்தைக்கு, பயம், வலி, களைப்பு எது வந்தாலும் தன்னைக் காக்கும் ஆளை நோக்கிப் போகும் இயல்பு பிறவியிலேயே இருக்கிறது, பசி எப்படியோ அப்படியே இதுவும் ஒரு அடிப்படைத் தேவை என்றார். இதையே பிணைப்பு அமைப்பு என்கிறோம்.

இந்த அமைப்புக்கு மூன்று வேலைகள்.

1. காப்பவரின் அருகில் இருக்கச் செய்வது.
2. ஆபத்து நேரத்தில் அவரிடம் அடைக்கலம் தேடச் செய்வது.
3. அவர் இருக்கிறார் என்ற தைரியத்தில் வெளியே போய் உலகத்தை ஆராயவிடுவது.

அழும் ஒரு வயதுக் குழந்தை தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளாது. தூக்கி அணைக்கும் கை, பழகிய குரல், பழகிய வாசனை ஆகியவைதான் அதன் இதயத் துடிப்பை இறக்குகின்றன. ஆகவே பிணைப்பு தொடக்கத்திலிருந்தே உணர்ச்சியைச் சமாளிக்கும் ஏற்பாடு. உணர்ச்சியைத் தனியாகவும் உறவைத் தனியாகவும் பிரித்துப் பேசும்போதுதான் குழப்பம் வருகிறது.

20 நிமிடத்தில் தெரிந்தது

பௌல்பியின் கொள்கையைக் கண்ணால் பார்க்கும்படி செய்தவர் மேரி ஐன்ஸ்வொர்த். 1950களின் நடுவில் உகாண்டாவில் தாய்மார்களையும் குழந்தைகளையும் வீடுகளுக்கே போய்க் கவனித்தார். பிறகு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 26 குடும்பங்களை, குழந்தை பிறந்ததிலிருந்து ஓராண்டு வரை, ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணிநேரம் அவருடைய குழு கவனித்துக் குறிப்பெடுத்தது. அந்த ஆண்டின் முடிவில் நடத்தியதுதான் இன்று பாடப்புத்தகங்களில் உள்ள 'அறிமுகமற்ற சூழல்' பரிசோதனை.

பொம்மைகள் உள்ள ஓர் அறை. தாய், குழந்தை, முன்பின் தெரியாத ஒரு பெண். மொத்தம் எட்டுக் கட்டங்கள், பெரும்பாலானவை மூன்று நிமிடம். இருமுறை தாய் வெளியே போவார், இருமுறை திரும்பி வருவார். பிரியும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதைவிட, தாய் திரும்பி வந்ததும் என்ன செய்கிறது என்பதை வைத்தே வகைப்படுத்தினார்கள்.

பாதுகாப்பான பிணைப்புள்ள குழந்தை நேராகத் தாயிடம் போகும், தூக்கச் சொல்லும், சீக்கிரம் அமைதியாகி மறுபடி விளையாடப் போகும். பதற்றப் பிணைப்புள்ள குழந்தை தாயை இறுகப் பிடித்துக்கொண்டே உதைக்கும், அழுகை லேசில் நிற்காது. விலகல் பிணைப்புள்ள குழந்தை தாய் வந்ததைக் கண்டுகொள்ளாதது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொம்மையோடு இருந்துவிடும். இந்த மூன்றிலும் அடங்காமல், தாயை நோக்கி வந்து பாதியில் உறைந்து நிற்பது போன்ற முரண்பட்ட நடத்தைகளை மேரி மெய்னும் ஜூடித் சாலமனும் 1980களில் நான்காவது வகையாகப் பிரித்தார்கள்.

வீட்டில் எடுத்த குறிப்புகளோடு ஒப்பிட்டபோது காரணம் புலப்பட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்ட குழந்தைகளின் வீடுகளில், குழந்தை ஒட்டிவந்தபோதெல்லாம் தாய் விலக்கியது பதிவாகியிருந்தது. இறுகப் பிடித்த குழந்தைகளின் வீடுகளில் ஒரு நேரம் உடனே பதில், இன்னொரு நேரம் பதிலே இல்லை. அழுதால் ஆள் தள்ளிப்போகிறார் என்றால் அழுகையை அடக்குவது புத்திசாலித்தனம். வருவாரா மாட்டாரா என்பது உறுதியில்லை என்றால் அழுகையைக் கூட்டுவது புத்திசாலித்தனம். இரண்டுமே அந்தச் சூழலுக்குப் பொருந்திய உத்திகள். பெரியவர்களைப் பற்றிச் சொல்லப்போவதெல்லாம் இந்த இரண்டு உத்திகளின் நீட்சிதான்.

பொம்மையோடு அமைதியாக இருந்த அந்தக் குழந்தை உண்மையிலேயே அமைதியாகத்தான் இருந்ததா? 1977ல் ஆலன் ஸ்ரூஃபும் எவரெட் வாட்டர்ஸும் இதயத் துடிப்பை அளந்து வெளியிட்டார்கள். முகத்தில் ஒன்றும் தெரியாத குழந்தைகளுக்கும் துடிப்பு ஏறியிருந்தது. 1993ல் ஜெர்மனியில் ஸ்பாங்லர், கிராஸ்மன் ஆகியோர் உமிழ்நீரில் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனைச் சோதித்தபோது, பாதுகாப்பான பிணைப்புள்ள குழந்தைகளிடம் ஏறாத அளவு மற்றவர்களிடம் ஏறியிருந்தது. 'ஃபீலிங்ஸே கிடையாது' என்ற வாசகம் ஒரு வயதுக் குழந்தைக்கே பொருந்தவில்லை.

பெரியவர்களை எப்படி அளக்கிறார்கள்

1987ல் சிண்டி ஹேசனும் ஃபிலிப் ஷேவரும் இதைக் காதல் உறவுக்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநில நாளிதழ் ஒன்றில் மூன்று பத்திகளை அச்சிட்டு, உங்களுக்குப் பொருந்துவது எது என்று வாசகர்களைக் கேட்டார்கள். அலசிய 620 பதில்களில் 56 சதவீதம் பாதுகாப்பு, 25 சதவீதம் விலகல், 19 சதவீதம் பதற்றம். இன்று இணையத்தில் சுற்றும் 'நீங்கள் எந்த டைப்' வினாக்கள் பலவும் இந்தப் பத்திகளின் வழித்தோன்றல்கள். ஆனால் ஆய்வுலகம் அந்த முறையை விட்டு வெகுகாலம் ஆகிறது.

1998ல் பிரென்னன், கிளார்க், ஷேவர் மூவரும் அதுவரை இருந்த வினாத்தாள்களை எல்லாம் ஒன்றுசேர்த்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களிடம் கொடுத்து, விடைகளைப் புள்ளியியல் முறையில் பிரித்தார்கள். மிஞ்சியவை இரண்டே அளவுகோல்கள். ஒவ்வொன்றுக்கும் 18 வாசகம், 1 முதல் 7 வரை மதிப்பெண்.

1. பதற்றம்: துணை என்னை விட்டுப் போய்விடுவாரோ, என்னைப் போல அவரும் நேசிக்கவில்லையோ என்ற கவலை.
2. விலகல்: நெருக்கம் வேண்டாம், உள்ளே இருப்பதைக் காட்ட வேண்டாம், யாரையும் நம்பி நிற்க வேண்டாம் என்ற போக்கு.

இரண்டும் குறைவாக இருப்பது பாதுகாப்பு. முதலாவது மட்டும் கூடினால் பதற்றப் பாணி, இரண்டாவது மட்டும் கூடினால் விலகல் பாணி. இரண்டுமே கூடியிருந்தால் அச்சம் கலந்த பாணி. நெருக்கத்துக்கு ஏங்கியபடியே அதைக் கண்டு ஒதுங்குவது இது. இந்த நான்கு மூலைகளை 1991லேயே பார்தலோமியூவும் ஹோரோவிட்ஸும் வரைந்து காட்டியிருந்தார்கள்.

இவை மூலைகளே தவிரப் பெட்டிகள் ஆகா. இரத்த அழுத்தம்போல ஒவ்வொருவருக்கும் இரண்டிலும் ஓர் அளவு இருக்கும், பெரும்பாலோர் நடுவிலேயே இருப்பார்கள். 'நான் இந்த டைப்' என்று சொல்லும்போது 3.9 வாங்கியவரும் 6.5 வாங்கியவரும் ஒரே பெயருக்குள் போய்விடுகிறார்கள். அம்மாவிடம் ஓர் அளவும், தோழியிடம் ஓர் அளவும், கணவரிடம் வேறோர் அளவும் இருப்பதும் சகஜம்.

இதற்கு முற்றிலும் வேறான அளவைமுறை ஒன்றும் இருக்கிறது. குழந்தைப் பருவத்தைப் பற்றிச் சுமார் ஒரு மணிநேரம் பேட்டி எடுத்து, என்ன சொன்னார் என்பதைவிட எவ்வளவு ஒத்திசைவாகச் சொன்னார் என்பதை மதிப்பிடுவது. 'அம்மா ரொம்பப் பாசம்' என்று சொல்லிவிட்டு ஓர் உதாரணம்கூடத் தர முடியாதவரை அது விலகல் வகையில் சேர்க்கும். 2007ல் ராய்ஸ்மனும் குழுவினரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்தப் பேட்டிக்கும் வினாத்தாளுக்கும் உள்ள ஒட்டுறவு வெறும் 0.09. ஏறக்குறைய ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. இரண்டையும் கலந்து எழுதும் கட்டுரைகள் வாசகரைத் திசைதிருப்புகின்றன.

ஓர் உணர்ச்சி கடக்கும் ஐந்து இடங்கள்

பெரியவர்களிடம் இந்த உத்திகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை அதிகம் ஆராய்ந்தவர்கள் இஸ்ரேலின் மரியோ மிக்குலின்சரும் அமெரிக்காவின் ஷேவரும். பதற்றப் பாணி உணர்ச்சியைக் கூட்டும் உத்தி, விலகல் பாணி குறைக்கும் உத்தி என்பது அவர்களுடைய சட்டகம். இந்தக் கூட்டலும் குறைத்தலும் ஐந்து இடங்களில் நடக்கின்றன.

1. கவனம்

பதற்றப் பாணியுள்ளவர் உறவுக்கு ஆபத்து என்று தோன்றும் எதையும் முதலில் பார்த்துவிடுவார். 2006ல் கிறிஸ் ஃபிரேலியும் குழுவினரும் ஒரு முகத்தின் உணர்ச்சி மெல்ல மாறும் காட்சியைக் கணினியில் காட்டி, மாற்றம் தெரிந்ததும் நிறுத்தச் சொன்னார்கள். பதற்றம் கூடியவர்கள் மற்றவர்களைவிட முன்னதாக நிறுத்தினார்கள், அதனாலேயே அதிகம் தவறினார்கள். எல்லோரும் ஒரே அளவு காட்சியைப் பார்த்தாக வேண்டும் என்று மாற்றியபோது அதே ஆட்கள்தான் மற்றவர்களைவிடச் சரியாகச் சொன்னார்கள். அவர்களுடைய உணர்திறனில் குறையில்லை, அவசரப்பட்டு முடிவு கட்டுவதில்தான் சிக்கல். முன்னே சொன்ன பாதி உண்மை இதுதான்.

விலகல் பாணியில் கவனம் நேரெதிராகப் போகிறது. 2000ல் ஃபிரேலி, கார்னர், ஷேவர் மூவரும் இழப்பைப் பற்றிய ஒரு பேட்டியை ஒலிக்கவிட்டு, என்ன நினைவிருக்கிறது என்று கேட்டார்கள். சிலரை உடனேயும் மற்றவர்களை வெவ்வேறு இடைவெளி விட்டும் சோதித்தார்கள். விலகல் கூடியவர்களுக்கு முதலிலேயே குறைவாகத்தான் பதிந்திருந்தது, ஆனால் அதற்குப்பின் மறந்த வேகம் எல்லோருக்கும் ஒன்றே. வாசலிலேயே தடுத்துவிடுகிறார்கள் என்று பொருள். 'நான்தான் அன்னைக்கே சொன்னேனே' என்று மனைவி சொல்ல, 'சொல்லவே இல்லை' என்று கணவர் சாதிக்கும் சண்டைகளில் சிலவற்றுக்கு இது விளக்கமாகலாம். அவர் பொய் சொல்லாமல் இருக்கவும் கூடும்.

2. பொருள் கொள்ளல்

மாலை 6 மணிக்கு ஒரு செய்தி அனுப்புகிறீர்கள். 6.10க்கு நீல டிக் விழுகிறது. 9 மணிவரை பதில் இல்லை. நடந்தது இவ்வளவுதான். பதற்றம் கூடியவரின் மனதில் இது வரிசையாக வளரும்: படித்துவிட்டார், ஆனால் பதில் போடவில்லை. என் மேல் கோபம். காலையில் நான் பேசியதுதான் காரணம். இப்போதெல்லாம் இப்படித்தான். என்னைப் பிடிக்கவில்லை. கடைசி வாக்கியம் வரும்போது பயம், கோபம், வெட்கம் மூன்றும் சேர்ந்திருக்கும். 9.05க்கு 'மீட்டிங், சாரி' என்று பதில் வந்தாலும் உடம்பு இறங்க நேரமாகும். 2005ல் கேம்ப்பெல், சிம்ப்சன் குழுவினர் ஜோடிகளை 14 நாள் தினமும் குறிப்பெழுத வைத்தார்கள். பதற்றம் கூடியவர்கள் அதிக மோதலைக் கண்டார்கள், அது பெரிதாகிப்போனதாகவும் உணர்ந்தார்கள்.

விலகல் கூடியவர் அதே மூன்று மணிநேரத்தை 'பிஸியாக இருப்பார்' என்று கடந்துவிடலாம். அது நம்பிக்கையாகவும் இருக்கலாம், இதை எதிர்பார்ப்பதே வேண்டாம் என்று மனம் முன்கூட்டியே சுருங்கிக்கொண்டதாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பிரித்தறிய முடியாது.

3. உடல்

1992ல் மேரி டோசியரும் ரோஜர் கோபாக்கும் மேலே சொன்ன குழந்தைப்பருவப் பேட்டியின்போது கல்லூரி மாணவர்களின் விரல்களில் மின்முனை ஒட்டித் தோலின் மின்கடத்தலை அளந்தார்கள். வியர்வைச் சுரப்பிகள் இயங்கினால் இந்த அளவு ஏறும். நம் விருப்பத்துக்கு அதைக் கட்டுப்படுத்த முடியாது. குறைக்கும் உத்தியுள்ளவர்கள் வாயால் 'எல்லாம் நன்றாகத்தான் இருந்தது' என்றார்கள். ஆனால் பெற்றோரைப் பிரிந்தது, பெற்றோர் ஒதுக்கியது பற்றிய கேள்விகள் வந்தபோது அளவு ஏறியது.

இதன் நடைமுறை விளைவு பெரிது. உணர்ச்சியின் பெயர் மனதுக்கு எட்டாததால் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அவர் நேர்மையாகவே சொல்லக்கூடும். ஆகவே 'என்ன ஃபீல் பண்றே?' என்ற கேள்விக்கு அவரிடம் விடை இருக்காது. 'தோள் இறுகியிருக்கா, தூக்கம் வந்ததா?' என்று கேட்டால் இருக்கலாம்.

4. வெளிப்பாடும் உதவி தேடலும்

இங்கே மிகத் தெளிவான பரிசோதனை, 1992ல் சிம்ப்சன், ரோல்ஸ், நெல்லிகன் மூவரும் 83 காதல் ஜோடிகளை வைத்துச் செய்தது. பெண்ணிடம், 'பலருக்கும் பதற்றம் தரும் ஒரு சோதனைக்கு உங்களை உட்படுத்தப் போகிறோம்' என்று சொல்லி, கருவிகள் நிறைந்த இருட்டறையைக் காட்டினார்கள். பிறகு, ஏற்பாடு முடியவில்லை, காதலரோடு காத்திருங்கள் என்று உட்காரவைத்து, அந்த ஐந்து நிமிடத்தைத் தெரியாமல் படமெடுத்தார்கள். சோதனை நடக்கவே இல்லை.

பாதுகாப்பான பிணைப்புள்ள பெண்கள் பயம் கூடக்கூட காதலரிடம் அதிகம் ஆறுதல் தேடினார்கள். விலகல் கூடியவர்கள் பயம் கூடக்கூடக் குறைவாகத் தேடினார்கள். ஆண்களிடமும் இதே வடிவம்: காதலியின் பயம் கூடியபோது பாதுகாப்பானவர்கள் அதிகம் ஆதரவு தந்தார்கள், விலகல் கூடியவர்கள் குறைவாகத் தந்தார்கள். பயம் குறைவாக இருந்தபோது இந்த வேறுபாடு எழவில்லை. சினிமாவுக்குப் போகும்போதும் பேசிச் சிரிக்கும்போதும் பிணைப்புப் பாணி தெரியாது. காய்ச்சலில் படுத்திருக்கும்போது, வேலை போனபோது, மருத்துவ அறிக்கைக்குக் காத்திருக்கும்போதுதான் தெரியும். 'கல்யாணத்துக்கு முன்னாடி இப்படி இல்லையே' என்ற வியப்புக்கு இது ஒரு காரணம்.

5. நினைவு

மிக்குலின்சரும் ஆர்பக்கும் 1995ல் வெளியிட்ட ஆய்வில் சிறுவயதுக் கோபம், சோகம், பயம், மகிழ்ச்சி நினைவுகளைச் சொல்லச் சொன்னார்கள். சோகமும் பயமும் கலந்த நினைவுகளை எடுக்க விலகல் கூடியவர்களுக்கு நேரமானது, எடுத்தவையும் ஆழமின்றி இருந்தன. பதற்றம் கூடியவர்களுக்கு அவை உடனே வந்தன, வந்தவை கட்டுக்கடங்கவும் இல்லை. சோக நினைவைக் கேட்டால் அதோடு கோபமும் பயமும் ஒட்டிக்கொண்டு வந்தன. இன்றைய சண்டையில் மூன்று வருடத்துக்கு முந்தைய தீபாவளி ஏன் வருகிறது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எளிதில் கிடைக்காது.

அடக்குவது எப்போது உடைகிறது

குறைக்கும் உத்தி பலிக்கிறதா? ஆம், ஓர் அளவுக்கு. 1997ல் ஃபிரேலியும் ஷேவரும், 'உங்கள் துணை உங்களை விட்டு வேறொருவரிடம் போவதைப் பற்றி நினைக்காதீர்கள்' என்று சொல்லி, மனதில் வருவதை எழுதச் சொன்னார்கள். விலகல் பாணியினர் அந்த எண்ணத்தைத் தள்ளிவைத்தார்கள், தோலின் மின்கடத்தலும் இறங்கியது. பதற்றப் பாணியினருக்கு, தடை நீங்கியதும் எண்ணம் முன்பைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. டோசியரின் முடிவோடு இது மோதுவதாகத் தோன்றும். ஆனால் டோசியரின் பேட்டியில் கேள்விகளிலிருந்து தப்ப வழியில்லை. இங்கே கவனத்தை வேறுபக்கம் திருப்ப முடிந்தது. திருப்ப முடிந்தால் உத்தி வேலை செய்கிறது.

2004ல் மிக்குலின்சர், டோலெவ், ஷேவர் அந்த வழியை அடைத்துப் பார்த்தார்கள். வலித்த ஒரு பிரிவை நினைக்கச் செய்து, பிறகு அதை அடக்கச் சொல்லி, கூடவே ஓர் எண்ணை மனதில் வைத்திருக்கச் சொன்னார்கள். எளிய எண் என்றால் விலகல் பாணியினர் சமாளித்தார்கள். நீளமான எண்ணைச் சுமந்தபோது அடக்கியதெல்லாம் மேலே வந்தது. பிரிவைப் பற்றிய எண்ணங்களோடு, தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணங்களும் சேர்ந்து கிளம்பின. ஆக, அடக்குவதற்கு மூளையின் உழைப்பு தேவை. தூக்கமின்மை, பணி நெருக்கடி, கைக்குழந்தை, பெற்றோரின் நோய் என்று உழைப்பு வேறெங்கோ செலவாகும் காலத்தில், வருடக்கணக்கில் 'ஸ்ட்ராங்' என்று பெயரெடுத்தவர் திடீரென்று உடைவது இதனால்தான்.

மகிழ்ச்சிக்கும் இது பொருந்தும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்பெயினில் இளைஞர்களிடம் ஒரு வாரம், நாளுக்குப் பலமுறை, அந்த நொடியில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு 2015ல் வெளியான ஆய்வில், பதற்றப் பாணியினருக்கு எதிர்மறை உணர்வும் மன அழுத்தமும் கூடியிருந்தன. விலகல் பாணியினருக்குத் தனித்து நின்றது நேர்மறை உணர்வின் குறைவுதான். உறவில் வலி வராமல் கட்டிய தடுப்பு உறவில் வரும் இன்பத்தையும் மட்டுப்படுத்துகிறது.

இருவர் சேரும்போது

பதற்றம் கூடிய ஒருவரும் விலகல் கூடிய ஒருவரும் சேரும்போது, ஒருவரின் உத்தி மற்றவரின் ஆபத்து மணியாகிறது. அவர் கேள்வி கேட்கிறார், இவர் மௌனமாகிறார். மௌனம் கைவிடப்படுவதாகத் தெரிகிறது, கேள்வி கூடுகிறது. கூடிய கேள்வி ஆக்கிரமிப்பாகத் தெரிகிறது, இவர் எழுந்து வேறு அறைக்குப் போகிறார். அந்த நேரத்தில் இருவருக்கும் இதயம் வேகமாகத்தான் அடித்துக்கொண்டிருக்கும். ஒருவருடையது கண்ணுக்குத் தெரிகிறது, மற்றவருடையது தெரியவில்லை.

நல்ல உறவு இந்தச் சுமையை உண்மையாகவே குறைக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2006ல் ஜேம்ஸ் கோன் குழுவினர் மணமான 16 பெண்களை மூளை ஸ்கேனில் படுக்கவைத்து, சிறு மின்அதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்தார்கள். யார் கையையும் பிடிக்காதபோது மூளையின் ஆபத்துத் தொடர்பான பகுதிகள் அதிகம் இயங்கின. அறிமுகமற்ற ஒருவரின் கையைப் பிடித்தபோது சற்றுக் குறைந்தது, கணவரின் கையைப் பிடித்தபோது இன்னும் குறைந்தது. மணவாழ்வில் நிறைவு கூடியவர்களுக்கு அந்தக் குறைவும் கூடுதல்.

எங்கிருந்து வருகிறது, மாறுமா

எல்லாவற்றுக்கும் அம்மாதான் காரணம் என்று முடிப்பது ஆய்வுகளுக்கு எதிரானது. அமெரிக்காவின் மின்னசோட்டா ஆய்வில் ஒரு வயதிலிருந்து இருபதுகள் வரை தொடரப்பட்ட 78 பேரை வைத்து 2007ல் வந்த முடிவு இது: ஒரு வயதுப் பிணைப்பு, தொடக்கப்பள்ளியில் சக மாணவர்களோடு பழகும் திறனைப் பாதித்தது. அது 16 வயது நட்பைப் பாதித்தது. அந்த நட்புதான் இருபதுகளின் காதலில் உணர்ச்சிகள் வெளிப்பட்ட விதத்தைப் பாதித்தது. ஒவ்வொரு கண்ணியிலும் பாதை மாற இடமுண்டு. நல்ல ஒரு தோழி, அக்கறையுள்ள ஓர் ஆசிரியர் குறுக்கே வந்தால் திசை திரும்பலாம்.

வேலைக்குப் போகும் தாய்மார்களை வதைக்கும் ஒரு கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். காப்பகத்தில் விட்டால் பிணைப்பு கெடுமா? 1,153 குழந்தைகளை ஆராய்ந்து 1997ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், காப்பகம் மட்டுமே காரணமாகப் பிணைப்பு பாதிக்கப்படவில்லை. தாயின் அக்கறையான கவனிப்பு குறைவாக இருந்து, அதோடு மோசமான காப்பகமோ நீண்ட நேரமோ சேர்ந்தபோதுதான் பாதிப்பு தெரிந்தது. பாட்டி, அத்தை, அப்பா என்று ஒன்றுக்கு மேற்பட்டவர்களோடும் குழந்தைக்குப் பிணைப்பு உருவாகும்.

பெரியவர்களிடமும் அளவுகள் நகர்கின்றன, ஆனால் மெதுவாக. இருதரப்புக்கும் தேவையான பயிற்சி வேறுவேறு.

பதற்றம் கூடியவருக்கு:

1. நடந்ததையும் நினைத்ததையும் இரண்டு தனி வரிகளாக எழுதுங்கள். 'படித்துவிட்டு மூன்று மணிநேரமாகப் பதிலில்லை' ஒரு வரி. 'என்னைப் பிடிக்கவில்லை' இன்னொரு வரி. இரண்டுக்கும் நடுவே வேறு என்ன பொருத்தலாம் என்று பாருங்கள்.
2. தேவையை நேராகக் கேளுங்கள். 'உனக்கு என் ஞாபகமே இல்ல' என்பது குற்றச்சாட்டு. 'ராத்திரி 9 மணிக்குப் பத்து நிமிஷம் பேசலாமா' என்பது கோரிக்கை, அதற்குத்தான் பதில் சொல்ல முடியும்.
3. திரும்பத் திரும்ப உறுதி கேட்பது சில நிமிடங்களுக்கே ஆற்றும், பிறகு பழக்கமாகிவிடும். ஒருமுறை கேட்டு, பதிலை வைத்துக்கொண்டு, அடுத்த கேள்வியைத் தள்ளிப்போடுவதுதான் பயிற்சி.

விலகல் கூடியவருக்கு:

1. எழுந்து போக வேண்டுமென்றால் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். 'அரை மணிநேரம் கழிச்சுப் பேசலாம்' என்ற ஒரு வாக்கியம் பெரும் வேறுபாடு செய்யும். சொன்ன நேரத்துக்குத் திரும்பாவிட்டால் சொல்லாமல் போனதைவிட மோசம்.
2. உணர்ச்சியின் பெயர் கிடைக்காவிட்டால் உடம்பைச் சொல்லுங்கள். 'நெஞ்சு அடைக்குற மாதிரி இருக்கு' என்பது போதும்.
3. பெரிய மனம் திறத்தலில் தொடங்காதீர்கள். சிறிய உதவி ஒன்றைக் கேட்டு, அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை என்று உடம்புக்குத் தெரியட்டும்.

அச்சம் கலந்த பாணியுள்ளவருக்கு இரண்டு உத்திகளும் மாறிமாறி வருவதால் இந்தப் பட்டியல் போதாது. பின்னணியில் அடி, கொடுமை, திடீர் இழப்பு இருந்தால் பயிற்சி பெற்ற உளவியலாளரோடு செய்வதே நல்லது. ஜோடிகளுக்கு, 1980களில் கனடாவில் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் உருவாக்கிய உணர்ச்சி மையச் சிகிச்சை இந்தக் கொள்கையை நேரடியாகப் பயன்படுத்துகிறது. பொதுவாக 8 முதல் 20 அமர்வுகள்.

இந்தச் சொல்லை ஒதுக்கிவைக்க வேண்டிய இடங்கள்

பிணைப்புப் பாணி ஒரு நோயின் பெயர் கிடையாது. சில அறிகுறிகளை அதன் தலையில் போட்டால் ஆபத்து.

துணை உண்மையிலேயே பொய் சொல்கிறார், வேறு உறவில் இருக்கிறார், மிரட்டுகிறார் என்றால் அங்கே வரும் பதற்றம் சரியான எச்சரிக்கை. 'நீ ஆங்ஷியஸ் டைப், அதான் சந்தேகப்படுறே' என்று அதை மழுங்கடிப்பவரிடம் கவனமாக இருங்கள். அடிப்பவரை 'அவாய்டன்ட், குழந்தைப் பருவ வலி' என்று பொறுத்துக்கொள்ளவும் இந்த ஆய்வுகளில் எந்த ஆதாரமும் இல்லை. இந்தியாவில் பெண்களுக்கான உதவி எண் 181.

முன்பு கலகலப்பாக இருந்தவர் இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் ஈடுபாடின்றி, தூக்கமும் பசியும் கெட்டு ஒதுங்கியிருந்தால் அது விலகல் பாணியாக இருக்க வாய்ப்புக் குறைவு, மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.